என்ன எண்ணெய் போட்டீங்க?

பங்காருப்பேட்டையில் பானிபூரித் தண்ணீருக்கு நிறம் கிடையாது. புதிதாய்ப் பார்ப்பவர்கள், கடைக்காரர் மசாலா போட மறந்துவிட்டார் என்றே நினைப்பார்கள். எவர்சில்வர் பாத்திரத்தின் அடி தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருக்கிறது. பூரி வாய்க்குள் உடைந்ததும்தான் அது தன் குணத்தைக் காட்டுகிறது. காரமும் புளிப்பும் ஒன்றாக வந்து மூக்கில் ஏறுகின்றன. பெங்களூரில் தெருவுக்குத் தெரு ‘பங்காருப்பேட்டை சாட்’ என்று பலகை மாட்டியிருப்பதெல்லாம் இந்த நிறமில்லாத் தண்ணீரின் பெயரைச் சொல்லித்தான்.

கர்நாடகத்தில் 2024 நிறங்களுக்குப் பொல்லாத ஆண்டு. மார்ச்சில் கோபி மஞ்சூரியனிலும் பஞ்சுமிட்டாயிலும் ரோடமின்-பி முதலான செயற்கைச் சாயங்களைச் சேர்க்க மாநில அரசு தடை போட்டது. ஜூனில் பானிபூரிக்கு முறை வந்தது. சோதித்த சுமார் 260 மாதிரிகளில் 41 பாதுகாப்பற்றவை என்றார்கள். அதே மாதம் கபாபுக்கும் செயற்கை நிறம் கூடாது என்று உத்தரவானது. அக்டோபரில் கேக். 235 மாதிரிகளில் 12-ல் அளவுக்கு மீறிய சாயம் இருந்தது. ரெட் வெல்வெட்டும் பிளாக் ஃபாரஸ்ட்டும் அதில் முதல் வரிசை. இத்தனை கலவரத்திலும் பங்காருப்பேட்டைக்காரர்கள் சற்று மிதப்பாகவே இருந்திருப்பார்கள். சாயமே இல்லாத தண்ணீரில் யார் எதைக் கண்டுபிடிப்பது?

“இதுல என்னண்ணா போடுறீங்க?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் சொல்லக் கூடாதுண்ணா. சாப்பிடுங்க, நல்லாருக்குதா இல்லியா, அதச் சொல்லுங்க.”

தண்ணீர் தெளிவு. செய்முறை அப்படியல்ல.

ஆங்கிலேயர் காலத்தில் பௌரிங்பேட்டை என்று இருந்த இந்த ரயில் சந்திப்பிலிருந்து கோலார் தங்கவயலுக்கு ஒரு கிளைப் பாதை போகிறது. கோரமண்டல், உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிக்குப்பம் என்று நிலையங்களின் பெயர்களைக் கேட்டாலே தங்கவயல் யார் யார் கையில் இருந்தது என்று புரிந்துவிடும். விடியற்காலையில் இந்தப் பாதையில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். மாலையில் திரும்புகிறார்கள். 2001 பிப்ரவரி 28-ல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டபின் ஊரின் ஷிப்டு ரயிலுக்கு மாறிவிட்டது, அவ்வளவுதான். பேச்சு தமிழ், அதுவும் வடாற்காட்டுத் தமிழ். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி சுரங்கத்தைக் கையில் எடுத்தபின் வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கமிருந்து வந்து இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள். பெரும்பாலோர் தலித் மக்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில், உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றில், பாறையை உடைத்தவர்கள்.

ரயிலிலிருந்து முதலில் கண்ணில் படுவது சயனைடு மலைகள். மலை என்கிறார்களே தவிர, எல்லாம் கொட்டி வைத்த தூள்தான். தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய பாறைமாவு, மூன்று கோடி டன்னுக்கு மேல் இருக்கும், மழுங்கிய மேடுகளாக ஊரைச் சுற்றி நிற்கிறது. காற்றுக் காலத்தில் அந்த மாவு கிளம்பி வீட்டுக்குள் வரும், துணியில் படியும், சோற்றுக்கும் வரும். ராபர்ட்சன்பேட்டை பேக்கரியில் பன் தட்டின் மேல் ஈரத்துணியும், பிஸ்கட் பாட்டில்களில் திருகு மூடியும், அலமாரியில் இழுத்துச் சாத்தும் கண்ணாடியும் இருந்ததைப் பார்த்தபோது எனக்கு அந்த மேடுகள்தான் நினைவுக்கு வந்தன. வேறு ஊர்களில் ஈக்குப் பயந்து மூடுவார்கள். இங்கே மூடுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு.

ராபர்ட்சன்பேட்டை திட்டம் போட்டுக் கட்டிய ஊர். பிளேக் வந்து போனபின், நெரிசலைக் குறைக்க, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்த் தெருக்களாக வகுத்தார்கள். மைசூர் ரெசிடெண்ட் டொனால்ட் ராபர்ட்சனின் பெயரை வைத்தார்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் சுரங்கத்துக்கு வந்தது. பெங்களூர் நகரத் தெருவில் மின்விளக்கு எரிவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னால். அந்தப் பெருமையை இன்றும் ஊரில் யாரைப் பேச விட்டாலும் பத்தே நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்கள், மின்வெட்டு நேரத்தில் கூட.

நான் உட்கார்ந்த பேக்கரிக்குப் பெயர்ப்பலகை பெரிதாக இல்லை. உள்ளே விறகு அடுப்பு. நீளக் கைப்பிடித் துடுப்பால் தட்டுகளை உள்ளே தள்ளியும் வெளியே இழுத்தும் கொண்டிருந்தார் ஒரு பெரியவர். வாசலில் அவர் மகன் கல்லாவில். கண்ணாடிக்குள் பொறை, ரஸ்க், தேங்காய் பன், தில்பசந்த், வெங்காயமும் பச்சைமிளகாயும் போட்ட காரா பன், உப்பு பிஸ்கட், பட்டர் பிஸ்கட், ராகி பிஸ்கட், எக் பஃப். பக்கத்தில் வறுத்து உடைத்துக் காரம் புரட்டிய காங்கிரஸ் கடலை, நிப்பட்டு, கோடுபளே. பாதி அயல்நாட்டுச் சரக்கு, பாதி கன்னட நாட்டுச் சரக்கு. கேட்பது மட்டும் தமிழில்: “ணா, ரெண்டு பன்னு, சூடா.”

பெங்களூர்ப் பக்கத்து பேக்கரிகளுக்கு ஒரு வம்சாவளி உண்டு. ஹாசன் பகுதியிலிருந்து வந்த திருமலாச்சார் என்ற ஐயங்கார் 1898-ல் சிக்பேட்டையில் தொடங்கிய கடைதான் ஐயங்கார் பேக்கரிகளுக்கு முன்னோடி. முட்டை தொடாத வீட்டுப் பிள்ளைகள் முட்டையில்லாத கேக்கைச் சுட்டு, காரத்தையும் கொத்தமல்லியையும் பன்னுக்குள் அனுப்பினார்கள். தங்கவயல் பேக்கரியில் அந்தக் காரா பன்னும் உண்டு, அதற்கு அடுத்த தட்டிலேயே முட்டை பஃப்பும் உண்டு. இரண்டையும் ஒரே கையால் எடுத்துக் கொடுக்கிறார்கள். யாருக்கும் அதில் சங்கடம் இருப்பதாகத் தெரியவில்லை.

பட்டர் பிஸ்கட் வாயில் கரைந்தது. மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒரு படலம் நின்றது. என்ன எண்ணெய் என்று கேட்டேன்.

“டால்டாண்ணா.”

“பட்டர் பிஸ்கட்னு எழுதியிருக்கே?”

“பட்டர் போட்டா நீங்க வாங்குவீங்களா? இந்த விலைக்கு வருமா?” என்று சொல்லிவிட்டு, உள்ளே போய் வனஸ்பதி டின்னையே தூக்கிக்கொண்டு வந்து காட்டினார். மைதா மூட்டையையும் காட்டினார். ராகி பிஸ்கட்டில் ராகி எவ்வளவு என்றேன். “பாதிக்குப் பாதி. முழுசா ராகி போட்டா நிக்காது, உதிர்ந்துபோகும்.” மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை. கேட்டால் சொல்வார். கேட்கத்தான் யாருமில்லை.

இதைச் சொல்லிவிட்டு, பேக்கரிக்காரர் நல்லவர், பாக்கெட்டுக்காரர் கெட்டவர் என்று முடித்துவிடலாம். ஊர்ப்பாசத்தில் எழுதுகிறவர்கள் அப்படித்தான் முடிக்கிறார்கள். ஆனால் 2016 மே மாதத்தை மறக்க முடியாது. டெல்லியில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 38 ரொட்டி வகைகளைச் சோதித்து, அவற்றில் 84 சதவீதத்தில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட் இருப்பதாகச் சொன்னது. மாவை வெள்ளையாக்கி உப்ப வைக்கும் சரக்கு அது. புரோமேட்டைப் புற்றுநோய் சந்தேகத்தில் பல நாடுகள் அதற்கு முன்பே தள்ளி வைத்திருந்தன. அடுத்த மாதமே இந்தியாவும் அனுமதிப் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிட்டது. வனஸ்பதியில் உள்ள டிரான்ஸ் கொழுப்புக்கு 2021-ல் 3 சதவீதம், 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதம் என்று வரம்பு வந்தது. இதெல்லாம் வாடிக்கையாளர் கல்லாவில் நின்று கேட்டுத் தெரிந்துகொள்ளக்கூடிய சங்கதி அல்ல. நல்ல மனிதரான பேக்கரிக்காரருக்கே தன் மூட்டைக்குள் ஆலைக்காரர் என்ன கலந்தார் என்று தெரியாது. வாய்ச்சொல் அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து அச்சிட்ட எழுத்துதான் வேண்டும்.

சாம்பியன் ரீஃப் பக்கம் போனால் ஊரின் குரல் தாழ்ந்துவிடுகிறது. துருவேறிய ஷாஃப்ட் கோபுரங்கள், சாத்திய கதவுகள், ஓட்டுக் கூரை இறங்கிய பங்களாக்கள். ஒருகாலத்தில் ‘குட்டி இங்கிலாந்து’ என்று இதைச் சொன்னார்கள். துரைமாரில் பலர் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்கள். அவர்கள் ஊரில் ஆழக் குழிக்குள் இறங்குகிறவன் கையில் பேஸ்டி என்ற பண்டம் இருக்கும். மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப் வகைக் கிழங்கு எல்லாவற்றையும் மாவுக்குள் மடித்து, ஓரத்தை முறுக்கி அடைத்துச் சுட்டது. 2011-ல் ஐரோப்பிய ஒன்றியம் அதற்குப் புவிசார் பாதுகாப்பு கொடுத்தபோது, கார்னிஷ் பேஸ்டி என்று பெயர் எழுத வேண்டுமானால் மாட்டிறைச்சி குறைந்தது 12.5 சதவீதம், காய்கறி குறைந்தது 25 சதவீதம் இருக்க வேண்டும் என்று விதியிலேயே எழுதிவிட்டார்கள். பெயருக்கும் பண்டத்துக்கும் இடையில் ஒரு எண்ணை நிறுத்தி வைத்த வேலை அது. தங்கவயலில் பேஸ்டி என்று கேட்டால் கடைக்காரர்கள் முழிக்கிறார்கள். பஃப் இருக்கிறது, எடுத்துக்கோங்க என்கிறார்கள்.

துரைமார் போனபின்னும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் சில காலம் இருந்தன. தங்கவயலில் பிறந்து வளர்ந்த பிரிட்ஜெட் வைட்-குமார் ஆங்கிலோ இந்தியச் சமையலைப் பற்றி வரிசையாகப் புத்தகங்கள் எழுதியவர். அந்த வீடுகளின் கிறிஸ்துமஸ் பலகாரங்கள், கல்கல்லும் ரோஸ் குக்கியும், சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குள் எப்போதோ வந்துவிட்டன. ரோஸ் குக்கி நம் அச்சுமுறுக்குதான், சில வீடுகளில் முட்டை சேரும். சீப்பின் பல்லிலோ முள்கரண்டியின் முதுகிலோ மாவுருண்டையை அழுத்திச் சுருட்டினால் கல்கல். டிசம்பரில் லைனே கூடி உட்கார்ந்து சுருட்டும் என்று ஒரு பாட்டி சொன்னார். சுருட்டுகிற எல்லாருக்கும் உள்ளே என்ன போயிருக்கிறது என்று தெரியும். அந்தப் பண்டத்துக்கு லேபிள் தேவைப்படவில்லை.

லைன் முனையில் ஒரு பெட்டிக்கடை. கம்பியில் சரம் சரமாய்ப் பாக்கெட்டுகள். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள் பிய்த்துக்கொண்டு போகிறார்கள். நான் ஒரு ராகி பிஸ்கட் பாக்கெட்டை எடுத்துத் திருப்பினேன். கோலார் ராகி விளையும் சீமை, களி தின்று வளர்ந்த சீமை. பாக்கெட்டின் முன்பக்கம் கதிரோடு கூடிய ராகிப் படம், பச்சை வயல், பாட்டியின் கை. பின்பக்கம் எறும்பு ஊர்ந்தது மாதிரி எழுத்து. பொருட்களின் பட்டியலை எடையில் அதிகமானதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்த வேண்டும் என்பது சட்டம். எந்தப் பொருளைப் பெரிதாகக் காட்டி விற்கிறார்களோ அதன் சதவீதத்தையும் போட வேண்டும். போட்டிருந்தார்கள். முதலில் மைதா, அடுத்து சர்க்கரை, அதற்கடுத்துப் பாமாயில், அதன்பிறகு ராகி, அடைப்புக்குறிக்குள் ஒற்றை இலக்கத்தில் ஒரு எண். பொய் ஒன்றுமில்லை. முன்பக்கத்தை விளம்பரக்காரர் எழுதுகிறார், பின்பக்கத்தை வக்கீல் எழுதுகிறார். இரண்டும் ஒரே பண்டத்தைப் பற்றித்தான்.

சரி, அந்தப் பின்பக்கத்தை இந்த ஊரில் யார் படிப்பது? வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், கொஞ்ச தூரம் போனால் ஆந்திர எல்லை, அங்கே தெலுங்கு. மூன்று மொழியிலும் சரளமாகச் சண்டை போடுகிற ஊர் இது. லேபிள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருந்தால் போதும் என்கிறது விதி. பிற மொழி விருப்பம் இருந்தால் சேர்த்துக்கொள்ளலாம். சேர்க்கிறவர்கள் பிராண்டின் பெயரை மட்டும் கன்னடத்தில் சேர்க்கிறார்கள், பாமாயிலை அல்ல. ஆங்கிலம் தெரிந்தாலும் சேர்மானங்களின் பெயருக்குப் பதில் ஐஎன்எஸ் 500(ii), 503(ii), 322 என்று எண்கள் வரிசையாய் வருகின்றன. முதலிரண்டும் சமையல் சோடாவும் அதன் சகோதரமான அம்மோனியம் பைகார்பனேட்டும், மூன்றாவது பெரும்பாலும் சோயாவிலிருந்து வரும் லெசித்தின். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பயப்பட வேண்டியதும் இதே உடையில்தான் வரும். 102 என்றால் டார்ட்ராசின் மஞ்சள்.

இன்னொன்று. பாக்கெட்டின் மேற்பரப்பு 100 சதுர சென்டிமீட்டருக்குள் அடங்கினால் பொருட்பட்டியலும் ஊட்டச்சத்து விவரமும் அதில் போட வேண்டியதில்லை. மொத்தமாய்க் கட்டிய பெரிய உறையில் இருந்தால் போதும். இடம் இல்லை, அதனால் விலக்கு, காரணம் நியாயம்தான். விளைவு என்னவென்றால், பெரிய பாக்கெட் வாங்குகிறவருக்குத் தகவல் கிடைக்கிறது, ஒரு ரூபாய்க்கு வாங்குகிற பிள்ளைக்குப் படம் மட்டும் கிடைக்கிறது. பெரிய உறையைக் கடைக்காரர் காலையிலேயே கிழித்துப் போட்டிருப்பார்.

இதே தெருக்காரர்கள் ராபர்ட்சன்பேட்டை நகைக்கடையில் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்த்தேன். மூன்று கிராம் கம்மலுக்கு மூன்று முறை லென்ஸ் கேட்கிறார்கள். 916 இருக்கிறதா, 2021-லிருந்து கட்டாயமான அந்த ஹால்மார்க் முத்திரையின் ஆறெழுத்து அடையாள எண் சரியாக இருக்கிறதா என்று கைப்பேசியில் தட்டிப் பார்க்கிறார்கள். ஒரு டன் பாறையில் எத்தனை கிராம் என்று நூறாண்டுக்கு மேல் மதிப்பிட்டுப் பழகிய ஊர், இதில் ஏமாறாது. ஆனால் அந்தப் பாறைமாவு நெஞ்சுக்குள் எவ்வளவு போனது என்று யாரும் அதே கறாரோடு அளக்கவில்லை. இந்தியாவில் சிலிகோசிஸ் நோய் முதன்முதலாக மருத்துவப் பதிவுக்கு வந்தது 1947-ல், இந்தச் சுரங்கத்திலிருந்துதான். அதற்குள் இரண்டு தலைமுறை இருமி முடித்திருந்தது. எதை அளக்கிறோம் என்பதை எப்போதும் யாரோ தீர்மானிக்கிறார்கள்.

சிலி நாடு 2016-ல் ஒரு வழி செய்தது. சர்க்கரை, உப்பு, கொழுப்பு, கலோரி அளவு மிஞ்சினால் பாக்கெட்டின் முன்பக்கத்திலேயே கறுப்பு எண்கோண முத்திரை. படிக்கத் தெரியாத பிள்ளைக்கும் புரியும். இங்கே 2022-ல் நட்சத்திரக் குறியீடு என்று ஒரு வரைவு வந்தது. நட்சத்திரம் என்றால் எங்கும் பரிசுதான், எச்சரிக்கை அல்ல என்று பலர் எதிர்த்தார்கள். 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் இதை முடிவு செய்ய மூன்று மாதக் கெடு வைத்தது. என்னைக் கேட்டால் கறுப்பு எண்கோணமே சரி. தங்கவயல் பெட்டிக்கடைக் கம்பியில் அது தொங்கினால் எந்த மொழியிலும் விளக்க வேண்டியிருக்காது.

ஆண்டர்சன்பேட்டையில் ஒரு வீட்டின் முன்னறையில் நிப்பட்டும் ரிப்பன் பக்கோடாவும் போட்டு விற்கிற அக்காவைப் பார்த்தேன். சுரங்கம் மூடியபோது கணவருக்கு வந்த பணம் கடனிலேயே கரைந்துபோக, ஒரு வாணலியோடு ஆரம்பித்த தொழில். ஆண்டு விற்பனை குறைவாக இருக்கும் சிறு தயாரிப்பாளர்களுக்கு உரிமம் வேண்டாம், பதிவு போதும். கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய். அந்தப் பதினான்கு இலக்கப் பதிவு எண்ணைச் சட்டம் போட்டுச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். மருமகள் எடை போட்டுப் பைகளுக்கு மெழுகுவர்த்திச் சுடரில் வாய் ஒட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய் சொட்டிய செய்தித்தாள் தரையெல்லாம் விரிந்திருந்தது.

லேபிள் உள்ளங்கையில் பாதி. ஆங்கிலம் மேலே, கீழே தமிழ். அரிசி மாவு, பொட்டுக்கடலை, நிலக்கடலை, மிளகாய், கறிவேப்பிலை, உப்பு. கடைசி வரியில் கடலை எண்ணெய் என்று ஒரு கட்டம், பாமாயில் என்று ஒரு கட்டம். அன்றைய ஈடுக்கு எது ஊற்றினாரோ அந்தக் கட்டத்தில் நீலப் பேனாவால் ஒரு டிக்.

“ஏன்க்கா இப்படி?”

“கடலெண்ணெ எல்லா நாளும் வாங்க முடியுமா சார்? வெல ஏறுனா பாமாயில்தான். ரெண்டு லேபிள் அடிக்கச் சொன்னா பிரஸ்காரன் ரெண்டு காசு கேக்கறான். அதான் ஒண்ணுலயே அடிச்சு வெச்சிட்டேன்.”

“பாமாயில்னு பார்த்தா வாங்காம போயிட மாட்டாங்களா?”

“போறவங்க போவாங்க. அதுக்கு அஞ்சு ரூபா கம்மி.”

பேசிக்கொண்டிருக்கும்போதே மாலை ரயில் வந்துவிட்டது போலிருக்கிறது, கழுத்தில் அடையாள அட்டையோடு ஒரு பெண் உள்ளே வந்தார். குவியலைக் கிளறி, நான்கைந்து பாக்கெட்டுகளைப் புரட்டி லேபிளைப் பார்த்தார். கடலை எண்ணெயில் டிக் போட்டது ஒன்று, பாமாயிலில் டிக் போட்டது இரண்டு எடுத்தார். ஒன்று மாமியாருக்காம், மற்ற இரண்டும் ஆபீசுக்கு. “ஆபீஸ்ல யாரு லேபிள் பாக்கறாங்க” என்று சொல்லி அக்காவைப் பார்த்துச் சிரித்துவிட்டுக் காசை எண்ணினார்.